டிசம்பரில் அறுகம் குடாவில் கூடாரம் அடிக்கலாமா?

தம்பி, நண்பர்கள் ஐந்து பேருமாக டிசம்பரில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம் குடாவுக்குத் தெற்கே கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, மட்டக்களப்பையும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர் வேண்டவே வேண்டாம். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை கொட்டும் மாதம் அது. குளங்கள் நிரம்பினால் தாழ்வான வீதிகள் வெள்ளத்தில் மூழ்கிவிடும். மே முதல் செப்டெம்பருக்குள் வாருங்கள்.

அப்போதும் குடாவுக்குத் தெற்கேயுள்ள யானைப்பாறைப் பக்கம் ஆளில்லாத மணலில் படுக்காதீர்கள். யானைகள் கடற்கரை வரை வரும். களப்பில் முதலையும் உண்டு. ஏதாவதொரு விடுதி வளவுக்குள் இடம் கேளுங்கள். வாழைப்பழமோ சோற்றுப் பொதியோ கூடாரத்துக்குள் இருக்கவே கூடாது, வாசனைக்கு யானை தேடி வரும். இன்னும் தெற்கே உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே குமண தேசியப் பூங்காவுக்குள் போகலாம். உள்ளே கூடாரமடிக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் முன்னனுமதி வேண்டும்.

மட்டக்களப்பு இரவைப் பூரணையை ஒட்டி வையுங்கள். அங்குள்ள வாவியில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் பாடும் மீனின் ஒலி கேட்கும் என்பார்கள். இயந்திரப் படகு இரைச்சலில் அது கிடைக்காது. தோணிக்காரரிடம் முதல் நாளே பேசி வையுங்கள்.