கர்னல் வந்தால் தண்ணீர் வருமா?

கேள்வி: எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. எல்லையில் நின்றவர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினால் ஊழலும் ஒழுங்கீனமும் ஒழிந்துவிடும்தானே?
(ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: எல்லையில் நின்றதற்கு நாடு அவருக்கு ஓய்வூதியம் தருகிறது, மரியாதையும் தருகிறது. தரவேண்டியதுதான். வாக்கு வேறு கணக்கு, ஐயா.

பெயருக்கு முன்னால் கர்னல் என்று தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். பட்டங்களை ஒழித்த அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவே ராணுவப் பட்டத்துக்கு விலக்குத் தந்திருக்கிறது. ஆனால் தோளில் இருக்கும் நட்சத்திரங்களை எண்ணி யாரும் வாக்களிப்பதில்லை. 2017இல் பஞ்சாபின் பாட்டியாலா தொகுதியில் முன்னாள் தரைப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் ஜே.ஜே. சிங் நின்றார். எதிரே, அறுபதுகளில் சீக்கியப் படைப்பிரிவில் கொஞ்ச காலமே பணியாற்றிய கேப்டன் அமரிந்தர் சிங். கேப்டனிடம் ஜெனரல் தோற்றார், டெபாசிட்டும் போயிற்று. உத்தராகண்டில் நேர்மைக்குப் பெயர்பெற்ற மேஜர் ஜெனரல் கந்தூரி, முதலமைச்சராக இருந்தபடியே 2012இல் தன் சொந்தத் தொகுதியில் தோற்றார்.

ஒழுங்கு என்கிறீர்கள். படையில் மேலதிகாரி சொன்னால் மறுபேச்சு கிடையாது. சட்டமன்றத்திலோ கட்சிக் கொறடா சொன்னால் மறுபேச்சு கிடையாது; மீறி வாக்களித்தால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் பதவியையே பறிக்கும். சல்யூட் அடித்தே பழகியவர் அங்கே போய் வேறென்ன செய்வார் என்பதுதான் என் கவலை.

உங்கள் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் உங்கள் சித்தூர் பகுதிக்கு வந்துசேர வேண்டும். 1958 முதல் நடைமுறை, முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்று எழுதிவைத்தார்கள். முதல் கெடு 1988இலேயே வந்து போயிற்று. தரவேண்டியது தமிழ்நாடு, கேட்டு வாங்கவேண்டியது கேரளம், காய்வது தமிழ் பேசுகிற உங்கள் வயல். இந்த எல்லையில் கர்னல் எந்தப் பக்கம் பார்த்துத் துப்பாக்கியை நீட்டுவார்? இங்கே வேண்டியது கோப்புகளைப் படிக்கும் பொறுமையும், பொள்ளாச்சி விவசாயியோடும் உட்கார்ந்து பேசுகிற மனமும். அவை ஒரு கர்னலிடமும் இருக்கலாம். இருந்தால் முதல் ஆளாக நானே மகிழ்வேன்.

இன்னொன்று. கேரளத் தமிழர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழிலேயே பெறலாம் என்று 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமை தாலுகா அலுவலக மேசை வரைக்கும் வந்துசேர என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். அவர் பதிலை “நாங்கள் சியாச்சினில் இருந்தபோது...” என்று ஆரம்பித்தால், ஒரு டம்ளர் மோர் கொடுத்து வழியனுப்பிவையுங்கள்.