நிலாவை விழுங்கும் பாம்பு

கேள்வி: பிலிப்பைன்ஸ் ஓவியர்கள் தங்கள் ஊர்ப் பேய்களையும் தெய்வங்களையும் வரைவதைப் பார்த்துச் சொக்கிப்போனேன். எங்கள் பக்கத்துக் கதைகளை அப்படி வரைய எங்கிருந்து தொடங்குவது, ஐயா?
– கல்லூரி மாணவி, தேவனாம்பட்டினம், கடலூர்.

பதில்: உங்கள் ஆயாவிடமிருந்து தொடங்கம்மா. பென்சில் அப்புறம்.

பிலிப்பைன்ஸின் விசாயா தீவுகளில் பாகுனாவா என்றொரு கடல் நாகம் உண்டு. கிரகணத்தன்று நிலாவை விழுங்குவது அதுதான். சட்டி பானையைத் தட்டி ஊரே சத்தம் போட்டால் துப்பிவிடும். இதைப் படித்ததும் பாகூரில் எங்கள் ஆயா நினைவுக்கு வந்தார். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்துவார். அது சாய்ந்தால் பாம்பு விட்டதென்று அர்த்தம். அப்புறம்தான் எங்களுக்குச் சோறு. அந்த உலக்கையை எத்தனையோ முறை வரைந்துவிட்டேன். நிறுத்தும்போது அவர் முணுமுணுத்த பாட்டை மட்டும் எழுதி வைக்கவில்லை. அவரோடு போய்விட்டது. இத்தனை வருஷ ஓவிய வாத்தியார் வேலையில் எனக்கு ஆறாத வருத்தம் அதுதான்.

நீ பார்த்த படங்களில் டிக்பாலாங் என்ற பேய் இருந்திருக்கும். குதிரைத் தலை, மனித உடம்பு. குந்தி உட்கார்ந்தால் முழங்கால் தலைக்கு மேலே நிற்கும். அந்த முழங்கால் ஓவியரின் கற்பனை அல்ல, கதை சொன்ன கிழவர்கள் கொடுத்தது.

அதே நாட்டின் மிண்டனாவோ தீவில் லானாவோ ஏரிக்கரை மரானாவ் மக்கள் இஸ்லாமியர்கள். அவர்களிடம் ஒரு ராவணன் கதை இருக்கிறது: மகாராதியா லாவனா. ஹுவான் பிரான்சிஸ்கோ என்ற அறிஞர் 1960களில் அதைப் பதிவு செய்தார். லாவனாவுக்கு எட்டுத் தலை. குரங்கு வீரனுக்குப் பெயர் லக்சமானா! கூத்து பார்த்து வளர்ந்த நம் கை சும்மா இருக்குமா? பத்துத் தலை போட்டு, குரங்குக்கு அனுமன் என்று எழுதிவிடும். படம் அழகாகத்தான் இருக்கும். மரானாவ் கதை அதில் இருக்காது.

அங்கேயே இஃபுகாவோ மலையில் ஹுட்ஹுட் என்ற கதைப்பாட்டை நெல்லறுவடையில் பாடுவார்கள். முன்னின்று பாடுவது பெரும்பாலும் வயதான பெண்கள். 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் கையால் கதிர் அறுப்பது குறையக் குறைய, பாடும் வாய்ப்பும் குறைகிறது. நம் நடவுப் பாட்டுக்கும் இதே கதிதானே!

அதனால் முதலில் போனில் ஆயாவின் பேச்சைப் பதிவு செய். குறுக்கே பேசாதே, திருத்தாதே. படத்தின் பின்பக்கம் சொன்னவர் பெயர், ஊர், தேதி எழுது. மாசி மகத்துக்கு உங்கள் கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது, கூட வரும் பெரியவர்களிடமும் கேள். முதல் படம் முடிந்ததும் எனக்கு அனுப்பு. ஆயா பேசியதையும் சேர்த்து அனுப்பம்மா.