அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு 31 வயது. திருப்பூர் பக்கம் சொந்த ஊர், சென்னையில் மென்பொருள் வேலை. அப்பா இல்லை. ஊரில் அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். சென்ற ஜூன், ஜூலையில் முதுகுப்பையோடு பெருவின் ஆண்டீஸ் மலைகளில் தனியாகச் சுற்றினேன். அம்மாவுக்கு பிபி உண்டு, பயப்படுவார். அதனால் அலுவலக வேலையாக சிகாகோ போவதாகச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அந்த மாதங்களில் சிகாகோவும் பெருவும் ஒரே நேரம், அவருக்குச் சந்தேகம் வரவில்லை. லிமா பேருந்து நிலையத்தில் ஒரு சின்னப் பை திருட்டுப் போனது. ஹுவாராஸ் என்ற மலை ஊரில் தங்கிய விடுதியில் படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் என் எண்ணையே எழுதிவிட்டு மலைக்குக் கிளம்பினேன். வெள்ளியங்கிரி பலமுறை ஏறியவன் நான். இருந்தும் சாந்தா குரூஸ் பாதையில் மூன்றாம் நாள் காலை வாந்தி, தள்ளாட்டம். ஒரு மணி நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லியும் கேட்காமல், வேறொரு குழுவின் சுமை ஏற்றி வந்த ஒருவர் என்னைக் குதிரையில் உட்காரவைத்துக் கீழே இறக்கிவிட்டார். இரண்டே நாளில் தேறிவிட்டேன். அடுத்த ஆண்டு ஹுவாய்வாஷ் மலைச் சுற்றைத் தனியாக முடிக்க ஆசை. தங்கையிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். சுயநலக்காரன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். தனியாகப் பயணம் போவது சுயநலமா?

பதில்: தம்பி, லடாக்குக்கு பைக்கில் போனவர்களும் இமயமலைக்கு நடந்தவர்களும் இதே கேள்வியைத்தான் எழுதி அனுப்புகிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை, வாழ்க்கை ஒருமுறைதான் என்று நான் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். உனக்கு அதைச் சொல்லப் போவதில்லை.

உன் கடிதத்தில் பை திருட்டுப் போனதற்கும் மலை ஏறியதற்கும் நடுவில் ஒரு வரி கிடக்கிறது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று விடுதியில் கேட்டிருக்கிறார்கள். நீ உன் எண்ணையே எழுதிக் கொடுத்திருக்கிறாய். அதை எழுதும்போது உன் கை ஒரு நொடியாவது நின்றதா?

நீ கூடாரத்தில் நினைவில்லாமல் கிடக்கிறாய். யாரோ பார்த்து விடுதிக்குத் தகவல் சொல்கிறார்கள். விடுதிக்காரர் படிவத்தை எடுத்து அந்த எண்ணுக்குப் போடுகிறார். அந்தப் போன் உன் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னலும் இல்லை. அப்புறம் அவர் யாரைக் கூப்பிடுவார்?

இப்படி நடந்திருக்காது என்று சொல்லாதே. நடக்க இருந்தது. லிமா கடற்கரை ஊர். அங்கிருந்து இரவுப் பேருந்தில் ஏறி, விடியும்போது 3,050 மீட்டர் உயரத்தில் ஹுவாராஸில் இறங்குகிறார்கள். அதன்பின் நீ போன சாந்தா குரூஸ் பாதையில் முதல் இரவு 3,700 மீட்டரைத் தாண்டித் தூங்கவேண்டும், இரண்டாம் இரவு தௌயிபம்பா முகாமில் ஏறக்குறைய 4,250. நீ எவ்வளவு நாள் ஹுவாராஸில் தங்கி உடம்பைப் பழக்கினாய் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. 3,000 மீட்டருக்கு மேலே போனால் ஒரு இரவு தூங்கிய இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். வெள்ளியங்கிரி ஏழாவது மலைகூட 2,000 மீட்டரைத் தொடாது. கால் பலமும் மூச்சுப் பழக்கமும் வேறு, உடம்பு அந்த உயரத்துக்குப் பழகுவது வேறு. நல்ல உடற்கட்டு உள்ளவர்களையும் மலைநோய் படுக்கவைக்கும்.

தலைவலியும் குமட்டலும் மட்டும் இருந்தால் ஏறாமல் நின்று பார்க்கலாம். தள்ளாட்டம் வந்துவிட்டால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்றுதான் மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து ஒரே நாளில் நினைவு தப்பலாம், உயிரும் போகலாம். உடனே கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். அந்த நிலைமையில் இருப்பவனுக்கு யோசிக்கும் புத்தியே முதலில் போய்விடும். அதனால்தான் நீ, படுத்தால் சரியாகிவிடும் என்றாய். படுத்திருந்தால் எழுந்திருக்க மாட்டாய், தம்பி. உன் பேச்சைக் கேட்காத ஒரு மனிதர் அந்தக் காலையில் அங்கே இருந்தார். நீ பிழைத்தது அதனால்தான். இரண்டே நாளில் தேறிவிட்டேன் என்று அதை ஒரு வரியில் கடந்துபோகிறாய்.

சரி, அவர் அங்கே இல்லை என்று வைத்துக்கொள். உன் பாஸ்போர்ட்டை எடு. கடைசிப் பக்கத்தைத் திருப்பு. அப்பா பெயர், அம்மா பெயர், வீட்டு முகவரி. நீ எழுத மறுத்ததை அரசாங்கம் அச்சடித்தே கொடுத்திருக்கிறது. பெரு போலீஸ் அதைப் பார்க்கும், லிமாவில் இருக்கும் நம் தூதரகத்துக்குச் சொல்லும், அங்கிருந்து ஊருக்குத் தகவல் போகும். அங்கே இரவு எட்டு மணி என்றால் உன் வீட்டில் மறுநாள் காலை ஆறரை. உன் அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனை எடுப்பார். பெருவிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகன் என்று யாரோ ஆரம்பிப்பார்கள். என் மகன் சிகாகோவில் இருக்கிறான், நீங்கள் தப்பான நம்பருக்குப் போட்டுவிட்டீர்கள் என்று அவர் போனை வைத்துவிடுவார். அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள். இரண்டாவது முறை அந்தப் போனை எடுக்கப்போகும் பெண்ணுக்குத்தான் பிபி இருக்கிறது என்று சொல்கிறாய்.

சிகாகோவும் பெருவும் அந்த மாதங்களில் ஒரே நேரம் என்பது நல்லவேளையாக அமைந்தது அல்ல. கடிகாரத்தைப் பார்த்துப் பொய்யைப் பொருத்தியிருக்கிறாய். அவ்வளவு மெனக்கெட்டவனுக்குப் படிவத்தில் தங்கையின் எண்ணை எழுத ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அம்மா பயப்படுவார் என்பதற்காக மறைத்தேன் என்று நீ நம்புகிறாய். நான் நம்பவில்லை. அவர் பயப்படுவதைப் பார்க்க உனக்குத்தான் தெம்பில்லை. அப்பா போன பிறகு அந்த வீட்டில் எத்தனை பயங்களை அவர் ஒற்றை ஆளாகத் தாங்கியிருப்பார்! உன் பயணத்தைத் தாங்கமாட்டார் என்று நீயாக எப்படி முடிவு செய்தாய்?

2002இல் ஹுவாஸ்கரான் மலையில் ஒரு பனிச்சரிவு. நீ நடந்த அதே மலைத்தொடர்தான், பெருவிலேயே உயரமான சிகரம், 6,768 மீட்டர். அதில் புதைந்துபோன அமெரிக்க மலையேறி ஒருவரின் உடல், பனி உருகி, 2024இல்தான் கிடைத்தது. இடுப்புப் பையில் இருந்த ஓட்டுநர் உரிமத்தை வைத்து அடையாளம் கண்டார்கள். 22 ஆண்டுகள் அவர் குடும்பம் காத்திருந்தது. ஆனால் அவர் எந்த மலையில் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். எந்தத் திசையைப் பார்த்து அழவேண்டும் என்று தெரியும். உன் அம்மாவுக்கு நீ எந்தக் கண்டத்தில் இருக்கிறாய் என்றே தெரியாது.

என் கொள்கையைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். 31 வயதுப் பிள்ளை அம்மாவிடம் அனுமதி கேட்டு நிற்கத் தேவையில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னாலும் நீ போகலாம், அது உன் வாழ்க்கை. ஆனால் எங்கே போகிறாய், எந்த வழி, எப்போது திரும்புவாய் என்று சொல்லியே ஆகவேண்டும். பெற்றவளுக்கும் உடன்பிறந்தவளுக்கும் அது நீ போடும் பிச்சை இல்லை. உனக்கு ஏதாவது ஆனால் உடலைக் கொண்டுவர அலையப்போவது அவர்கள்தான். அந்த வேலை யார் தலையில் விழுமோ அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தனியாகப் போவது சுயநலம் இல்லை. நீ செய்தது சுயநலம். தங்கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நடந்து முடிந்த பிறகு அவளிடம் மட்டும் சொன்னாயே, அதுவும் சரியில்லை. இப்போது அவள் தினமும் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு உன் பொய்யைக் காப்பாற்றவேண்டும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. குதிரையில் ஏற்றி இறக்கியவரின் பெயர்கூட உன் கடிதத்தில் இல்லை. அங்கே கழுதையும் குதிரையும் வைத்துச் சுமை ஏற்றுபவர்கள் நாள் கூலிக்கு வருபவர்கள். தன் குழுவை விட்டுவிட்டு உன்னோடு இறங்கியிருக்கிறார். அவருக்கு என்ன கொடுத்தாய்? எந்த ஊர்க்காரர் என்று விசாரித்தாயா? விடுதிக்கு எழுதிக் கேள், கண்டுபிடித்து அந்த நாள் கூலியையாவது அனுப்பு.

ஹுவாய்வாஷ் தனியாக வேண்டாம். பத்து நாள் அளவுக்கு ஆகும் சுற்று அது. கணவாய்கள் 5,000 மீட்டரை நெருங்கும், பல இடங்களில் போன் எடுக்காது. ஹுவாராஸில் மலை வழிகாட்டிகளின் அலுவலகம் இருக்கிறது, அங்கே கேட்டு ஒரு குதிரைக்காரரோடு போ. உன் புத்தி தடுமாறும்போது உன்னைப் பார்த்து இறங்கு என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியையும் அங்கேயே வாடகைக்குத் தேடு. இங்கிருந்து வாங்கிக்கொண்டு போகாதே, இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்திருக்கிறார்கள். பயணக் காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும் என்று படித்துப் பார். பல பாலிசிகள் பாதி வழியில் நின்றுவிடும்.

இதெல்லாம் அப்புறம். முதலில் ஊருக்குப் போ. போனில் சொல்லாதே, தங்கையைத் தூது அனுப்பாதே. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சிகாகோ பொய் என்று சொல், குதிரையில் இறங்கியதையும் சொல். அழுவார், திட்டுவார், பேசாமல் இருப்பார். வாங்கிக்கொள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதே. அடுத்த முறை போகும் வழியை வரைபடத்தில் அவருக்குக் காட்டு. அப்புறம் தங்கையிடம் கேள், படிவத்தில் உன் எண்ணை எழுதட்டுமா என்று. அந்தப் பொறுப்பை ஏற்கமாட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு.