எங்கே பிடிக்கிறது என்று சொல்லுங்கள், அக்கா

கேள்வி: நான் கரூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள், வயது 47. மாதம் ஒரு படம், மிஞ்சிப்போனால் இரண்டு, தியேட்டரில் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாலு வரி போடுவது பழக்கம். 'மெய்யழகன்' எனக்குப் பிடித்தது, ஆனால் இரண்டாம் பாதி இழுவை என்று போட்டேன். கல்லூரியில் படிக்கும் மகன் "இழுவையே இல்லையே, உனக்கு ரசனை இல்லம்மா" என்கிறான். 'மகாராஜா' பார்த்து இரண்டு நாள் தூக்கமே வரவில்லை, இப்படி யாரும் படம் எடுக்கவே கூடாது என்று எழுதினேன். கொழுந்தனார் "சினிமா தெரியாதவங்க ரிவ்யூ போடாதீங்க அண்ணி" என்று எல்லோரும் பார்க்கப் போட்டுவிட்டார். 'கொட்டுக்காளி'க்கு முடிவே இல்லை என்றதற்கும் சிரித்தார்கள். 'லப்பர் பந்து' மட்டும்தான் எல்லோருக்கும் ஒத்துப்போனது. இனிமேல் எழுதாமல் இருப்பதுதான் மரியாதையா?

பதில்: அக்கா, எழுதுவதை நிறுத்தாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

உங்களிடம் பிளவுஸ் வாங்கிப்போன ஒருவர் மறுநாள் வந்து "நல்லாவே இல்ல" என்று மட்டும் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய முடியாது. அதே ஆள் "கையைத் தூக்கினா அக்குள்ல பிடிக்குது" என்றால் அந்த இடத்தில் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருக்கும் துணியில் கொஞ்சம் இறக்கிக் கொடுத்துவிடுவீர்கள். அவருக்குக் கட்டிங் தெரியாது, கிராஸ் கட் என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் போட்டுப் பார்த்தது அவர்தான், எங்கே பிடிக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். படம் பார்க்கிறவரும் அப்படித்தான். "இரண்டாம் பாதி இழுவை" என்று நீங்கள் போட்டீர்களே, அது அக்குளில் பிடிக்கிறது என்று சொன்ன மாதிரி.

இதில் உங்கள் மகனுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கலாம். 'மெய்யழகன்' 2024 செப்டம்பர் 27 அன்று வந்தபோது படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ராத்திரி முழுக்கப் பேசுகிற அந்தப் பகுதி நீளமாக இருக்கிறது என்று முதல் இரண்டு மூன்று நாளிலேயே பார்த்தவர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்தது, சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டி மறுபடி தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். நீங்கள் எந்த நாள் போனீர்கள், மகன் எந்த நாள் போனான் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை போய், அவன் அடுத்த வாரம் நண்பர்களோடு போயிருந்தால், நீங்கள் இருவரும் பார்த்தது ஒரே படமே இல்லை! உங்களுக்கு இழுவையாக இருந்த இடத்தில் கொஞ்சத்தை எடுத்த பிறகுதான் அவன் பார்த்திருக்கிறான். (எனக்கு அந்த நீளமும் பிடித்துத்தான் இருந்தது. கல்யாண மேடையில் அருள் அண்ணன் கொடுத்த பரிசை அங்கேயே பிரிக்கிறாள் மணப்பெண் புவனா, அந்த இடத்துக்காக இன்னும் அரை மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பேன். ஆனால் அது என் பொறுமை, உங்களுடையதை நான் அளக்க முடியாது.)

'கங்குவா' கதையும் அப்படித்தான். அதே வருஷம் நவம்பர் 14 அன்று முதல் காட்சி முடிந்து வெளியே வந்தவர்கள் கதையைக்கூட அப்புறமாகத்தான் பேசினார்கள், முதலில் சொன்னது "சத்தம் தாங்கல, தலை வலிக்குது" என்பதுதான். தியேட்டரில் ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு கருவி உண்டு, அதில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளவு, ஏழுதான் முறையாகச் சரிபார்த்து வைக்கிற நிலை. படத்தின் தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னதாக அறிவித்தார், பிறகு சில நிமிடங்களையும் வெட்டினார்கள். முதலில் சொன்னது ஒலிப்பதிவு படித்தவர்கள் இல்லை அக்கா, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களும் குழந்தைகளும்தான். நானும் அந்த வருஷம் வேறொரு படத்துக்குப் போய், சண்டை வரும்போதெல்லாம் துப்பட்டாவைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன், இடைவேளையில் போய்ச் சொன்ன பிறகு குறைத்தார்கள். சொல்லாமல் வந்திருந்தால் அடுத்த காட்சிக்கும் அதே சத்தம்தான்.

சரி, 'மகாராஜா'வுக்கு வருவோம். இதில் உங்களோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். தூக்கம் வரவில்லை என்று எழுதினீர்களே, அதை அப்படியே ஏற்கிறேன். குப்பைத் தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிற ஒரு முடி திருத்துபவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறோம். இயக்குநர் நித்திலன் சாமிநாதன் காலத்தை முன்னும் பின்னுமாக மாற்றி வைத்திருப்பதால் அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கடைசியில்தான் தெரிகிறது. பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு, வளர்த்தவர்களுக்கு, அது நெஞ்சில் குத்துகிற மாதிரிதான் இருக்கும். படம் அவ்வளவு பெரிய வெற்றி, விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம், சீனா வரைக்கும் போனது, எல்லாம் உண்மை. நீங்கள் தூங்காததும் உண்மை. ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் "யாரும் எடுக்கவே கூடாது" என்று போட்டீர்களே, அங்கேதான் கொழுந்தனாருக்கு வாசல் திறந்துவிட்டீர்கள். உங்களுக்கு என்ன ஆனது என்பது வரைக்கும் யாராலும் உங்களை மறுக்க முடியாது. எல்லோருக்குமாகத் தீர்ப்புச் சொல்லும்போது அடுத்தவரும் பதிலுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்துவிடுகிறார். அடுத்த முறை "சின்னப் பிள்ளைகளோடு போகாதீங்க, கடைசி அரை மணி நேரம் எனக்குப் பார்க்க முடியவில்லை, இன்ன காரணம்" என்று எழுதுங்கள். அந்த வரியால் குரூப்பில் இருக்கும் ஒரு தாய் தன் பத்து வயதுப் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டுப் போவாள்.

கொழுந்தனாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணியிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம், குரூப்பில் போட்டது தப்பு. படம் வந்த முதல் மூன்று நாள் ஆன்லைனில் யாரும் விமர்சனம் போடக் கூடாது என்று தடை கேட்டு தயாரிப்பாளர்களே 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம், அப்படிப் பொதுவாகத் தடை போட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோடிகள் போட்டவர்களுக்கே கிடைக்காத தடையை அவர் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம்.

'லப்பர் பந்து' ஏன் எல்லோருக்கும் ஒத்துப்போனது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். அதில் கிரிக்கெட் பார்க்கிறவனுக்கு கிரிக்கெட் இருக்கிறது, விஜயகாந்த் பாட்டுக்கு விசில் அடிக்கிறவனுக்கு அது இருக்கிறது, மாமனாருக்கும் மாப்பிள்ளையாக வரப்போகிறவனுக்கும் நடுவில் இருக்கிற வீம்பு நம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. யாரும் யாருக்கும் விளக்க வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். எல்லாப் படமும் அப்படி இருக்காது, இருக்கவும் வேண்டாம்.

அப்புறம் 'கொட்டுக்காளி'. முடிவே இல்லை என்று நீங்கள் சொன்னது தப்பே இல்லை, சிரித்தவர்கள் படத்தைச் சரியாகப் பார்த்தார்களா என்றுதான் எனக்குச் சந்தேகம். அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது, கவனித்தீர்களா? ஆட்டோ சத்தம், கால் கட்டிய சேவல், வழியில் நடக்கிற பேச்சு, அவ்வளவுதான். எங்கே அழணும், எங்கே பயப்படணும் என்று வயலின் வந்து சொல்லித் தராது. அப்படிப் பழகியிருக்கிற நமக்கு அது முதலில் வெறுமையாகத்தான் தெரியும். வேறொருவனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஓட்டுவதற்காகச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள், அங்கே போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு முன்னால் இன்னொரு பெண்ணுக்கு நடப்பதை, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பாண்டி நின்று பார்க்கிறான். அவன் முகத்தில் ஏதோ மாறுகிறது. அதற்கு மேல் என்ன செய்தான் என்று இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் காட்டவில்லை. நீங்கள் "முடிவே இல்லை" என்று சொன்ன இடம் அதுதான், சரியாக அதே இடத்தைத்தான் தொட்டிருக்கிறீர்கள். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். குரூப்பில் ரிவ்யூ எதுவும் போட வேண்டாம், ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: "அந்த இடத்தில் நீங்க பாண்டியா இருந்திருந்தா மீனாவை உள்ளே கூட்டிட்டுப் போவீங்களா, வீட்டுக்குத் திருப்பி அழைச்சிட்டு வருவீங்களா?" மகன் என்ன சொன்னான், கொழுந்தனார் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள் அக்கா. உங்கள் பதிலையும் சேர்த்து.