வரி போய்விட்டது; சைலன்சரின் விலை குறைந்துவிட்டதா?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிரீன் கார்டுடன் வசிக்கிறேன். வார இறுதிகளில் சிறிய தோட்டா சுடும் .22 ரைஃபிளில் இலக்குப் பயிற்சி செய்கிறேன். ஆண்டுக்கு ஓரிரு முறை நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெரிய தோட்டா சுடும் .308 ரைஃபிளை எடுத்துச் செல்வதுண்டு. துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சருக்கான 200 டாலர் வரி நீங்கிவிட்டதால், அந்தப் பணத்தையும் சேர்த்து, இரண்டு துப்பாக்கிக்கும் பொருந்தும் டைட்டானியம் சைலன்சர் ஒன்றைச் சுமார் 1,000 டாலரில், கிரெடிட் கார்டில் வாங்க நினைக்கிறேன். அவசரகால நிதியாக ஒரு மாதச் செலவுக்கான பணம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் நீங்கள் சொல்லும் பொருளும் வேண்டாம், நீங்கள் சொல்லும் வழியும் வேண்டாம்.

முதலில் அந்த 200 டாலரைப் பார்ப்போம். 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் விதித்த இந்த வரி, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு டாலர்கூட ஏறாமலும் இறங்காமலும் இருந்து, 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின் மூலம் 2026 ஜனவரி 1 முதல் சைலன்சர்களுக்குப் பூஜ்யமாகியிருக்கிறது. நீங்கள் செலுத்த வேண்டியிராத ஒரு தொகையை வருமானமாகக் கருதி அதற்கும் ஒரு செலவைத் தேடுவது, ஆடித் தள்ளுபடியில் மிச்சமான பணத்துக்கு இன்னொரு புடவை எடுப்பது போன்றதுதான். மேலும், போனது வரி மட்டுமே. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஏ.டி.எஃப். அமைப்பிடம், பொருளை உங்கள் பெயருக்கு மாற்றக் கோரும் ஃபார்ம் 4 விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சரிபார்ப்பு ஆகிய அனைத்தும் அப்படியே இருக்கின்றன. பணத்தை இன்று கட்டிவிட்டு, ஒப்புதல் வந்த பிறகே பொருளைக் கையில் வாங்க முடியும். விண்ணப்பங்கள் குவியும் காலத்தில் இந்தக் காத்திருப்பு நீளும். கார்டின் வட்டியோ காத்திருக்காது. 1,000 டாலரை ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் பன்னிரண்டு தவணைகளாகக் கட்டினால், மாதம் ஏறக்குறைய 95 டாலர் வீதம் மொத்தம் 1,135 டாலர் ஆகும். நீங்கிய வரியில் 135 டாலரை வங்கிக்குக் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஒரே சைலன்சர் இரண்டு துப்பாக்கிக்கும் என்ற உங்கள் கணக்கு. காகிதத்தில் இது சரியாகத் தெரியும், ஏனெனில் .308-க்கான சைலன்சரின் .30 அங்குல அளவுத் துளையில் .22 தோட்டா தாராளமாகப் போகும். சிக்கல் தோட்டாவின் ஈயத்தில் இருக்கிறது. .22 ரகத் தோட்டாக்களில் பெரும்பாலானவை முழு உறையில்லாத ஈயம். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஈயத்தூளும் கரியும் உள்ளே உள்ள தடுப்புத் தட்டுகளில் படிந்து, சில நூறு தோட்டாக்களிலேயே கனமான சாம்பல் நிற மேலோடாக இறுகிவிடும். இதனால்தான் .22-க்கான சைலன்சர்கள், மூடியைக் கழற்றித் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சுரண்டும்படி வடிவமைக்கப்படுகின்றன. .308-க்கான சைலன்சர்களில் பல பற்றவைத்து மூடப்பட்டவை, அவற்றில் .22 சுடக் கூடாது என்று பல உற்பத்தியாளர்கள் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். 1,000 டாலர் கொடுத்து வாங்கிய பொருளை ஈயத்தால் அடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நீங்கள் வாரந்தோறும் எடுப்பது .22; .308 ஆண்டுக்கு ஓரிரு முறை. அப்படியானால் .22-க்கு மட்டும், பிரித்துச் சுத்தம் செய்யக்கூடிய ஒரு சைலன்சரை வாங்குங்கள். சுமார் 250 முதல் 500 டாலருக்குள் தரமானவை கிடைக்கும்; .22-இன் குறைந்த அழுத்தத்துக்கு அலுமினியமே போதும், தட்டுகள் எஃகில் இருந்தால் சுரண்டுவதற்கு வசதி. டைட்டானியத்தின் சிறப்பு எடை குறைவு. மலையேறி மான் வேட்டையாடுபவருக்கு அது பொருள் தரும். மேசையில் சாய்த்துச் சுடுபவருக்கு அது வெறும் பெருமை.

விலைப்பட்டியலில் வராத செலவுகளையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். சைலன்சரைத் திருகிப் பொருத்த உங்கள் ரைஃபிளின் குழல் முனையில் மரை வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; .22-க்கு வழக்கமானது அரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 மரை. இல்லையென்றால் துப்பாக்கிப் பட்டறையில் வெட்டிக்கொள்ள நூறு டாலருக்கு மேல் ஆகலாம். பொருளை உங்கள் பெயருக்கு மாற்றித் தர உள்ளூர் விற்பனையாளர் வாங்கும் மாற்றுக் கட்டணமும் இருக்கும். காதுக் கவசத்தை விற்றுவிடவும் வேண்டாம்: நல்ல சைலன்சர் 20 முதல் 30 டெசிபெல் வரையில்தான் குறைக்கும், .308-இன் வெடியொலியோ 160 டெசிபெல்லைத் தாண்டும். அந்த ரைஃபிளுக்கு இப்போதைக்கு நல்ல கவசமும் காதினுள் செருகும் அடைப்பானும் போதும். இரண்டும் சேர்ந்தே நூறு டாலருக்குள் அடங்கும்.

மலிவு என்ற பெயரில் இணையத்தில் சில பத்து டாலருக்கு 'துப்பாக்கி சுத்தம் செய்யும் குழாய்' என்று விற்பவற்றின் பக்கமே போகாதீர்கள். அவற்றில் பலவற்றை ஏ.டி.எஃப். பதிவு செய்யப்படாத சைலன்சராகவே கருதுகிறது. பதிவில்லாத சைலன்சரை வைத்திருப்பதற்குப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கிரீன் கார்டில் இருப்பவருக்கு இதன் விலை சிறையோடு முடியாது.

நிதி ஆலோசகனாக நான் அதிகம் கவலைப்படுவது, நீங்கள் வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போக நேர்வதைப் பற்றி. சைலன்சரை எளிதில் விற்றுப் பணமாக்க முடியாது; வாங்குபவரும் அதே ஃபார்ம் 4 வரிசையில் நிற்க வேண்டும், புதிதே வரியின்றிக் கிடைக்கும்போது பழையதற்கு அவர் ஏன் நிற்கப்போகிறார்? அதற்கு மேல், கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், இலினாய், டெலவேர், ஹவாய், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் இதை வைத்திருக்கவே முடியாது. நம்மவர்கள் வேலை மாறும்போது போய்ச் சேரும் ஊர்களில் பாதி இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நியூஜெர்சியின் எடிசனுக்கோ கலிஃபோர்னியாவின் சான் ஹோசேவுக்கோ மாறும் வாய்ப்பு இருந்தால், 300 டாலர்கூட வீண் செலவே. ஹெச்-1பி விசாவில் உள்ள நண்பர்கள் உங்களைப் பார்த்து ஆசைப்பட்டால், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடை செய்கிறது என்பதையும், சைலன்சரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பொருளை யார் பெயரில் பதிவு செய்வது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். உங்கள் பெயரில் மட்டும் பதிவு செய்தால், நீங்கள் ஊரில் இல்லாதபோது அதை மனைவியின் பொறுப்பில் விட்டுச் செல்வதுகூடச் சட்டச் சிக்கலாகலாம். இதற்கென எழுதிக்கொள்ளும் டிரஸ்ட் (பொறுப்பாண்மை) பெயரில் வாங்கினால் அதில் சேர்க்கப்பட்ட பொறுப்பாளர்கள் அனைவரும் வைத்திருக்கலாம். ஆனால் விண்ணப்பத்தின்போது ஒவ்வொருவரும் கைரேகை தர வேண்டும். வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும், பல பாலிசிகளில் அது 2,500 டாலர் அளவில்தான். இரண்டு ரைஃபிள்களோடு இதையும் சேர்த்தால் வரம்பைத் தாண்டுகிறதா என்று முகவரிடம் கேளுங்கள்.

அவசரகால நிதி மூன்று மாதச் செலவை எட்டும் வரை இந்த வாங்குதலைத் தள்ளிப் போடுங்கள். அதன்பின் மாதம் 75 டாலர் தனியே எடுத்து வைத்தால் ஆறு மாதத்தில் 450 டாலர் சேரும்; சைலன்சர், மாற்றுக் கட்டணம், கைரேகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும், கார்டைத் தொடாமல்.