கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் போர் அத்தியாயங்களில் எது சிறந்தது, ஏன்?

இக்கேள்விக்குப் பலரும் ஆறாம் சீசனின் ‘பேட்டில் ஆஃப் த பாஸ்டர்ட்ஸ்’ அத்தியாயத்தையே பதிலாகச் சொல்வார்கள். என் தேர்வு 2012-இல் வெளிவந்த இரண்டாம் சீசனின் ஒன்பதாம் அத்தியாயமான ‘பிளாக்வாட்டர்’. மூல நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினே திரைக்கதை எழுதிய இந்த அத்தியாயம், கதையின் மற்ற நிலங்களை அறவே விட்டுவிட்டு, தொடக்கம் முதல் இறுதிவரை தலைநகர் கிங்ஸ் லேண்டிங்கின் முற்றுகையிலேயே நிலைகொள்கிறது. நாவலில் ஆற்றின் குறுக்கே வரும் பெருஞ்சங்கிலி இங்கே இல்லை என்றாலும், அரியணையைக் கைப்பற்றப் படையெடுத்து வரும் ஸ்டானிஸின் கப்பல்களை விழுங்கும் பச்சை நெருப்பு அந்தக் குறையை மறக்கடித்துவிடுகிறது.

ஆனால் என்னை உலுக்கியவை கோட்டைக்குள் நடப்பவைதாம். வெளியே வீரர்கள் மடிந்துகொண்டிருக்க, நகரம் வீழ்ந்தால் பெண்களுக்கு என்ன நேரும் என்பதை, மதுக்கோப்பையும் கையுமாக அமர்ந்திருக்கும் அரசனின் தாய் செர்சி, அரண்மனையில் பிணையாக இருக்கும் சிறுமி சான்சாவிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறாள். இறுதியில் இளைய மகன் டாமனை மடியில் வைத்துக்கொண்டு இரும்பு அரியணையில் அமர்ந்து, சிங்கக்குட்டியின் கதையைச் சொல்லியபடியே நஞ்சுக் குப்பியைத் திறக்கிறாள்; அந்த நேரத்தில்தான் அவள் தந்தை டைவின் வெற்றியுடன் உள்ளே நுழைகிறார். நாவலில் இல்லாத இக்காட்சி, செர்சியின் தாய்மையையும் ஆணவத்தையும் ஒருசேரக் காட்டிவிடுகிறது.

இரண்டாம் இடத்தை, கொல்லப்பட்டவர்களை, வடக்கின் பனிப்பேய்களின் தலைவனான நைட் கிங் கைகளை உயர்த்தி எழுப்பும் ‘ஹார்ட்ஹோம்’ அத்தியாயத்துக்குத் தருவேன். எட்டாம் சீசனின் ‘த லாங் நைட்’ அளவில் பெரியதுதான். ஆயினும் அதன் இருட்டில் யார் யாரோடு மோதுகிறார்கள் என்பதே பல இடங்களில் புலப்படவில்லை.