மாட்டுக்கார மாமா – கடிதம்

வணக்கம் ஐயா,

92 வயதில் மறைந்த உங்கள் மாமாவுக்கு நீங்கள் எழுதிய அஞ்சலியை வாசித்தேன். பசுக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும், தைப்பூசத்துக்குப் பால் கொடுத்ததையும் எழுதியிருந்தீர்கள். என் தாத்தாவும் பால்காரர்தான். அதனால் கேட்கிறேன்: பால் வற்றிய மாடுகளும் காளைக்கன்றுகளும் எங்கே போயின? கட்டுரையில் அவை இல்லையே. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ச., கிள்ளான், மலேசியா

அன்புள்ள ச.,

பால்காரர் பேத்தியிடம் எதை மறைப்பது? விற்றார். காளைக்கன்றை வளர்த்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு விற்றார். ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டையும் விற்றார். எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். துக்க வீட்டில் ஆளுக்கொரு நல்ல கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூட்டிலேயே எழுதிவிட்டேன். தைப்பூசப் பாலும் அப்படித்தான். 'கொடுத்தார்' என்று எழுதினேன். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர்களுக்கு அவர் விற்றார், அன்றைக்கு விலையும் கொஞ்சம் கூட.

மாடு கன்று போட்டால்தான் பால். போடுகிற கன்றில் பாதி காளை. தாத்தாவின் ஊரில் அது ஏருக்கோ வண்டிக்கோ போயிருக்கும். மாமா இருந்த புக்கிட் மெர்தாஜாமில் ஏது ஏர்? மாமா தலையெடுத்த காலத்தில் மாட்டுவண்டியும் லாரிக்கு வழிவிட்டுவிட்டது. காளைக்கோ தீனி மட்டும் பசு அளவுக்கு வேண்டும். விடியற்காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு, சீனர் தௌபூ என்ற சோயாக் கட்டி போடும் இடத்தில் சோயாச் சக்கை வாங்கி, பழைய மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். புண்ணாக்குக் கடன் எப்போதும் இருந்தது.

பேரத்தில் அவர் பொல்லாதவர். விலை பேசத் துண்டுக்குள் விரல் பிடிப்பதெல்லாம் ஊர்ப் பழக்கம். இங்கே வாங்க வருபவர் பெரும்பாலும் மலாய்க்காரர், எல்லாம் வாய்ப்பேச்சுதான். முடிந்ததும் பணத்தை இரண்டு முறை எண்ணுவார். பிறகு மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, வந்தவர் கொண்டுவந்த கயிற்றைக் கட்டிவிடுவார். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக் கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்ற கணக்கு. உங்கள் தாத்தாவும் செய்திருப்பார்.

அஞ்சலியில் விட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாமாவின் கொட்டகை பெருகியது 1969, 70இல். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமான சமயம். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். பினாங்குத் துறைமுகத்திலிருந்து ராஜுலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் அவர்கள் கட்டி வைத்திருந்த மாடுகளை மாமா வாங்கினார். மலிவாகத்தான் வாங்கினார். நல்ல விலை கொடுத்தார் என்று அத்தை சொல்வார். மாமா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு கிழவி மட்டும் மாட்டைக் கயிற்றோடு கொடுத்துவிட்டாளாம். அவிழ்த்து நீட்டியும் வாங்கவில்லையாம். ஏன் என்று கேட்டேன்.

"கயிறு மாட்ட அவங்களுக்கு ஆணி எங்கடா இருக்கு?" என்றார்.

அந்த மாட்டையும் நாலைந்து வருடம் கழித்து விற்றார்.

போன மாதம் மாமா மகன் கொட்டகையைப் பிரித்தபோது நானும் போயிருந்தேன். சுவர் ஆணிகளில் 40 கயிறுக்கு மேல் இருந்தன. எல்லாம் நைலான், ஒன்று மட்டும் தேங்காய் நார். மச்சான் அதை எடுத்ததும் கையிலேயே பொடிந்துவிட்டது. நைலானில் நல்லதாக நான்கைப் பொறுக்கி, கழற்றிய தகரங்களை லாரியில் வைத்துக் கட்டினோம்.